ரைஃபிள் பெட்டிங் (இரும்பைக் கட்டையில் ஆடாமல் உட்கார வைக்கும்) வேலை சரியா இல்லையா, எப்படிக் கண்டுபிடிப்பது?

வெட்டாறு:
வணக்கம். ஊர் திருவாரூர் பக்கம். மரக்கட்டை போட்ட பழைய .22 மேட்ச் ரைஃபிள், 50 மீட்டர் ப்ரோன் (குப்புறப் படுத்து) மட்டும்தான் சுடுகிறேன். ஐப்பசி மழை பிடித்ததும் குரூப், அதாவது குண்டுகள் விழும் கூட்டம், ஒரு இடத்தில் நிற்காது. காலையில் சைட்டைச் சரி பண்ணினால் மதியம் வேறு எங்கோ போகும். லைசென்ஸ் உள்ள ஒரு கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) கொடுத்தேன். ஸ்க்ரூ போகும் துளைகளில் அலுமினிய பில்லர் (குழாய்) வைத்து, எபாக்சி ஊற்றி பெட்டிங் செய்து தந்திருக்கிறார். கறுப்பாக, வழவழவென்று, முகம் பார்க்கலாம் போல இருக்கிறது. ஆனால் பின் ஸ்க்ரூ பக்கம் குண்டூசித் தலை அளவில் சில குழிகள். பேரலுக்கும் கட்டைக்கும் நடுவே காகிதத்தை நுழைத்தால் சேம்பருக்கு (தோட்டா உட்காரும் இடம்) இரண்டு விரல்கடை முன்னால் நின்றுவிடுகிறது. இதெல்லாம் குறையா? கூலி கொஞ்சநஞ்சம் இல்லை, அதனால் கேட்கிறேன்.

டென் பாயிண்ட் நைன்:
அண்ணே, குழியை எல்லாம் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். சுட்டுப் பாருங்கள். ஒரே லாட் (ஒரே தொகுதியில் தயாரான) தோட்டா, ரெஸ்ட் வைத்து, ஐந்து ஐந்தாக. அப்புறம் கட்டையைக் கழற்றி, திரும்ப மாட்டி, சைட்டைத் தொடாமல் இன்னும் இரண்டு குரூப். மையம் அதே இடத்தில் விழுந்தால் வேலை நன்று. இலக்கு அட்டையின் பத்தாம் வளையமே 10.4 மில்லிமீட்டர்தான், நகர்ந்தால் அட்டையே சொல்லிவிடும்.

பழைய ஃபிட்டர்:
தம்பி சொன்னது சரி. ஆனால் குரூப் விரிந்தால் அது தோட்டாவா, காற்றா, சுடுகிற ஆளா, பெட்டிங்கா என்று அட்டை பிரித்துச் சொல்லாது. .22-வில் லாட் மாறினாலே குரூப் மாறும். அதனால் முதலில் மேசையில் பாருங்கள், ரேஞ்ச் அப்புறம்.

நான் திருவெறும்பூரில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பளபளப்பைப் பார்த்து வேலையை எடை போடுவது எங்கள் பழக்கத்தில் இல்லை. தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் போல்ட்டைக் கழற்றி, சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

ஒரு டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) வாங்கி வாருங்கள், 0.01 மி.மீ. கோடு போட்டது. அதன் தாங்கியின் காந்த அடி மரத்தில் ஒட்டாது, பேரலில் ஒட்ட வையுங்கள். கேஜின் தொடுமுனை கட்டையின் முன்நுனியைத் தொடட்டும். இரண்டு ஸ்க்ரூவும் எப்போதும் போல இறுகியிருக்க, முன் ஸ்க்ரூவை மட்டும் மெதுவாகத் தளர்த்துங்கள். முள் ஐந்து கோட்டுக்குள் நின்றால் நிம்மதி. பத்தைத் தாண்டினால், போல்ட் ஓடும் இரும்புக் கூடான ஆக்‌ஷன் வளைந்து உட்கார்ந்திருக்கிறது, ஸ்க்ரூதான் அதை இழுத்துப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். திரும்ப இறுக்கி, பின் ஸ்க்ரூவுக்கும் இதையே செய்யுங்கள். கேஜ் கிடைக்கவில்லை என்றால் பேரலும் கட்டையும் சேரும் விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு தளர்த்துங்கள். மோசமான வேலை விரலுக்கே தெரியும்.

இறுக்கும்போதும் கவனியுங்கள். நல்ல பில்லர் வேலையில் ஸ்க்ரூ கால் சுற்றுக்குள் டக்கென்று நின்றுவிடும். மெத்து மெத்தென்று போய்க்கொண்டே இருந்தால் இரும்பு வளைகிறது. ஆக்‌ஷனை எடுத்துவிட்டு ஸ்க்ரூவைப் பில்லருக்குள் போட்டால் தன் எடையிலேயே வழுக்கித் தலை வரை இறங்க வேண்டும். துளைச் சுவரில் உரசினால், சுடும்போது வரும் உதையை ஸ்க்ரூ வாங்கும், அது கூடாது.

அடுத்தது ப்ளூ மேட்சிங், அதாவது நீலச் சாயப் பசை தடவி அது எங்கே ஒட்டுகிறது என்று பார்ப்பது. ஆக்‌ஷன் அடியில் ப்ளூவை மிக மெல்லிசாகத் தடவி, உட்கார வைத்து, இறுக்கி, கழற்றிப் பாருங்கள். ப்ளூ இல்லையென்றால் வீட்டில் கண்மை இருக்கும், அதுவும் வேலை செய்யும். முன்பக்கமும் பின்பக்கமும் பில்லர் முகத்திலும் நிறம் பரவலாகப் படிய வேண்டும். ஒரு மூலையில் மட்டும் திட்டாக ஒட்டினால் அங்கே மேடு. நடுவில், டிரிகர் பக்கம் படியாவிட்டால் கவலை வேண்டாம். டிரிகர் கட்டையை எங்கேயுமே தொடக் கூடாது.

குழிகள் காற்றுக் குமிழி, தனியாகத் தொந்தரவு தராது. பில்லரை ஒட்டிக் கூட்டமாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும். காகிதம் நிற்பதும் குறையாகாது. கனத்த பேரலுக்கு சேம்பர் அடியில் கொஞ்சம் தாங்கு கொடுப்பது பலர் வழக்கம். கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கேஜை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், ரைஃபிளை லேத் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். 1959 ஆயுதச் சட்டப்படி பழுது பார்ப்பவருக்கும் லைசென்ஸ் வேண்டும்.

அரசலாறு:
ஐயா சொன்னதோடு ஒன்று. நம் பக்கத்து ஈரத்தில் பெட்டிங் மட்டும் போதாது. பேரல் போகும் கால்வாய், ஸ்க்ரூ துளை, தோளில் பதியும் பின்தகட்டின் அடி, இங்கெல்லாம் பூச்சில்லாத மொட்டை மரம் தெரிகிறதா பாருங்கள். வெளியே பாலிஷ், உள்ளே மொட்டை மரம் என்றால் கார்த்திகையில் கட்டை ஊதி பேரலைத் தொடும். என் ரைஃபிளில் வெயில் காலத்தில் தாராளமாகப் போன காகிதம் அடைமழையில் சிக்கியது. உள்ளே சீலர் (ஈரம் புகாத பூச்சு) அடித்த பிறகு அந்தத் தொல்லை இல்லை.

வெட்டாறு:
ரொம்ப நன்றி ஐயா. கேஜ் இரவல் கிடைத்தது. முன் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் இரண்டு கோடு. பின் ஸ்க்ரூவுக்குப் பதினாலு! கண்மையும் பின்னால் இடது ஓரத்தில் மட்டும்தான் ஒட்டியது. கால்வாயில் மொட்டை மரம்தான். மொத்தத்தையும் சுரண்டிவிட்டு முதலிலிருந்து செய்யச் சொல்லவா?

பழைய ஃபிட்டர்:
வேண்டாம். முன்பாதி நன்றாக உட்கார்ந்திருக்கிறது, அதைக் கெடுக்காதீர்கள். எபாக்சி காயும்போது பின் ஸ்க்ரூவை முறுக்கி வைத்திருப்பார், வளைந்த நிலையிலேயே அச்சு விழுந்திருக்கிறது. சண்டை போடாமல் கேஜோடு போய் அவர் கண் முன்னால் முள்ளைக் காட்டுங்கள். தொழில் தெரிந்தவர் என்றால் அப்போதே ஒத்துக்கொள்வார். பின்பக்கம் ஒன்றிரண்டு மி.மீ. சுரண்டி அங்கே மட்டும் புதிதாக ஊற்றட்டும். இந்த முறை ஸ்க்ரூவை இறுக்க வேண்டாம், வழிகாட்டியாக மட்டும் நிற்கட்டும். பழைய சைக்கிள் டியூபை நீளமாகக் கிழித்துக் கட்டையையும் ஆக்‌ஷனையும் சேர்த்துச் சுற்றினால் போதும். முழுசாகக் காய்ந்த பிறகு பிரிக்கட்டும். கால்வாய்க்கு சீலரையும் அப்போதே அடித்து வாங்கிவிடுங்கள்.