ட்ரில் துவக்குக்கு சாமான் தேடின கதை

பழைய சாமான் திருத்தின அனுபவம் கேட்டிருந்தீங்க, என்டையும் எழுதுறன். நான் மட்டக்களப்பில மோட்டசைக்கிள் கராஜ் வச்சிருக்கிறன். தெரிஞ்ச கெடெற் மாஸ்டர் ஒராள், பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு ஆமி நடை பழக்கிறவர், வந்து "தம்பி, ட்ரில் அடிக்கிற பழைய றைபிள் ஒண்டு கிடக்கு, மரம் உடைஞ்சி ஸ்குரூவும் இல்ல, பாத்துத் தாறியா" எண்டாரு. போய்ப் பாத்தா லீ-என்ஃபீல்ட், பழைய பிரிட்டிஷ் ஆமி றைபிள், பிடிக்கிட்ட இருக்கிற வளையத்தில பீ.எஸ்.ஏ. கோ, 1917 எண்டு அடிச்சிருக்கு, சைக்கிள் செஞ்ச அதே கொம்பனிதான். டீ.பீ. முத்திரையும் கிடந்திச்சி, ட்ரில்லுக்கு மட்டும் எண்டு அர்த்தம், குழல்ல ஓட்டை போட்டு தோட்டாவத் தட்டுற ஊசியையும் வெட்டி விட்டிருக்கு, வெடிக்காது.

இத எங்கட அம்மாக்கு ஆர் விளங்கப்படுத்துற? 90ஆம் ஆண்டுச் சண்டையக் கண்டவ. "துவக்கு எண்டா துவக்குதான், வளவுக்குள்ள வரப்படாது" எண்டிட்டா. நானும் மூணே முக்கால் அடிச் சாமான நீட்டிக்கொண்டு கல்லடிப் பாலத்தால போற ஆள் இல்ல. அதால சனிக்கிழமைகளில கெடெற் ரூமுக்குள்ள இருந்துதான் வேல.

குழலுக்கு மேல மூடுற மரந்தான் பெரிய தலையிடி. லண்டன் மச்சான் அங்க கிடக்கு எண்டு படமும் அனுப்பினான், பார்சல்ல 'றைபிள் பார்ட்ஸ்' எண்டு எழுதி வந்தா கஸ்டம்ஸ்ல நான் என்னத்தச் சொல்ற, வேணாம் எண்டிட்டன். மறுகா ஓடாவியார் ஒராளக் கூட்டிப்போனன். முதிரை போடுவம் எண்டாரு, அது மஞ்சள், பாரமும் கூட, கடைசியா பழைய கதவுத் தேக்கில காட்போட் அளவு வச்சிச் செஞ்சி தந்தாரு, உள்பக்கம் வளைவாத் தோண்டவே ரெண்டு நாள். தோள்ல முட்டுற அடித்தகட்டுக்கு மரஸ்குரூ, அது ஹாட்வெயார்ல கிடைச்சிட்டு. பெல்ட் வளையத்து ஸ்குரூ பழைய இங்கிலீஸ் மரை, நம்மட மில்லிமீற்றர் போல்ட் ஒண்டும் பிடிக்கல்ல, உடைஞ்ச துண்டக் காட்டி லேத்தில வெட்டி எடுத்தன்.

ஒரு பிழ விட்டன். அடிக்கட்டை ஊத்தையா கிடக்கு எண்டு சாண்ட்பேப்பர் போட்டு, வட்டமா இருந்த முத்திரை பாதி அழிஞ்சி போச்சி. நூறு வருசம் கிடந்தத ஒரு பின்னேரத்தில அழிச்சவன் நான். செய்யாதீங்க. துணியால துடைச்சி லின்சீட் ஒயில் கொஞ்சம் கொஞ்சமா கையால தேய்ங்க, காயக் கன நாள் எடுக்கும், எடுக்கட்டும்.

---

அக்கரைப்பற்றில இருந்து: துருவுக்கு என்ன போட்ட நீங்க? நான் மூத்தவாப்பாட லைசன்ஸ் துவக்குச் சாமான வினாகிரில ஊறப்போட்டன் காக்கா, துருவும் போச்சி கறுப்பு நிறமும் போச்சி, வெள்ளை இரும்பாக் கிடக்கு. உங்கட உம்மா பிறகு அந்தத் துவக்கப் பாத்தாவா?

---

வினாகிரி அந்தக் கறுப்பையும் சேத்துத்தான் தின்னும். நான் மண்ணெண்ணெயும் ஸ்டீல் வூலும் போட்டு மெதுவா எடுத்தன். அம்மா பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் மீற்றுக்கு கெடெற் ட்ரில் பாக்க வந்தவ. பிள்ளையள் நல்லா நடந்தாங்க எண்டா. துவக்கப் பத்தி ஒரு கத இல்ல.