கில்டில் வாக்கெடுப்பு நடந்த அந்த இரவு: உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

நீலவேல் எழுதியது:

ஓர் இணைய விளையாட்டில் மூன்று ஆண்டுகள் நான் ஒரே கில்டில், அதாவது சேர்ந்து விளையாடும் குழுவில், இருந்தேன். வாரத்துக்கு இரண்டு இரவுகள், பெரிய எதிரிகளைக் கூட்டாக வெல்லும் ரெய்டு போவோம். மற்ற இரவுகளில் விளையாடாவிட்டாலும் குரல் சேனலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். அத்தனை நெருக்கமான ஒரு குழுதான், ஓர் அப்பாவியை ஆறே நிமிடங்களில் வெளியேற்றியது. அதில் எனக்கும் பங்கு உண்டு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

கில்டின் பொதுப் பெட்டகத்தில் மாதக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த அரிய பொருள்கள் ஓர் இரவு காணாமல் போயின. அடுத்த அரை மணி நேரத்திற்குள் எங்கள் தலைவர் எல்லோரும் பார்க்கும் சேனலில் மூத்த ஹீலரின் (மற்றவர்களின் காயத்தை ஆற்றும் ஆட்டக்காரர்) பெயரைக் குறிப்பிட்டு, கடைசியாகப் பெட்டகத்தைத் திறந்தவர் இவர்தான் என்று ஒரு ஸ்கிரீன்ஷாட்டை இட்டார். அதில் அவர் திறந்த நேரம் மட்டுமே இருந்தது. எதை எடுத்தார், எதை வைத்தார் என்ற விவரம் இல்லை. முழுப் பதிவேட்டை அதிகாரி நிலையில் இருக்கும் எவரும் இரண்டு கிளிக்கில் பார்த்திருக்கலாம். நானும் அதிகாரிதான்.

அவரை வெளியேற்றுவதற்கான வாக்கெடுப்பு என்பது கட்டைவிரல் குறியை அழுத்துவது, அவ்வளவே. முதல் குறி துணைத்தலைவருடையது. பிறகு எதிரியின் அடியைத் தாங்கும் டேங்க் ஆடும் இருவர், பிறகு வரிசையாக எல்லோரும். “பதிவேட்டைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமே” என்று நான் தட்டச்சு செய்தேன். அனுப்பும் முன் எண்ணிக்கையைப் பார்த்தேன்: 17 ஆகியிருந்தது. திரையின் அடியில் வேறு யாரோ ஓர் உறுப்பினரும் தட்டச்சு செய்துகொண்டிருப்பதாகக் காட்டியது; சற்று நேரத்தில் அதுவும் மறைந்தது. நான் எழுதிய வரியை எழுத்து எழுத்தாக அழித்துவிட்டுக் கட்டைவிரலை அழுத்தினேன். மொத்தம் 23 குறிகள். எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. ஹீலர் அப்போது உறங்கிக்கொண்டிருந்தார். விழித்துப் பார்த்தபோது அவருக்கு எந்தச் சேனலும் திறக்கவில்லை.

ஒன்பது நாள்கள் கழித்து, துணைத்தலைவர் அந்தப் பொருள்களைப் பாதுகாப்புக்காகத் தம்முடைய இரண்டாவது கதாபாத்திரத்துக்கு மாற்றிவைத்து, அதைச் சொல்ல மறந்துவிட்டது தெரியவந்தது. அதற்குப் பின் தனித்தனியாகப் பேசியபோது குறைந்தது எட்டுப் பேராவது, “எனக்கு அன்றைக்கே சந்தேகமாகத்தான் இருந்தது” என்றார்கள். எட்டுப் பேருக்குச் சந்தேகம் இருந்தும் எப்படி ஒருமனதான முடிவு வந்தது என்பதுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது. உளவியலாளர் இர்விங் ஜானிஸ் 1970களில் குழுச் சிந்தனையை, அதாவது ஒற்றுமைக்காகக் குழு சரியாக யோசிப்பதை விட்டுவிடுவதைப் பற்றி எழுதியபோது, ஐயத்தைத் தமக்குள்ளேயே அடக்கிக்கொள்வதையும், அந்த மௌனத்தைச் சம்மதம் என்று மற்றவர்கள் எண்ணிக்கொள்வதையும் அதன் அறிகுறிகளாகக் குறிப்பிட்டார். அன்றிரவு இரண்டையும் நானே செய்தேன்.

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் நடத்திய கோட்டுச் சோதனையும் இதையே காட்டுகிறது. முன்கூட்டியே பேசி வைக்கப்பட்டவர்கள் கோடுகளின் நீளம் குறித்து ஒரே குரலில் தவறான விடையைச் சொன்னபோது, உண்மையான பங்கேற்பாளர்களில் ஏறக்குறைய நான்கில் மூவர் ஒருமுறையாவது அதற்கு ஒத்துப்போனார்கள். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலும், அப்படி ஒத்துப்போவது பெருமளவு குறைந்துவிட்டது. நான் அழித்த அந்த ஒரு வரியை நினைக்கும்போதெல்லாம் இதுதான் நினைவுக்கு வருகிறது.

மலைச்சரிவு எழுதியது:

என் அனுபவம் இரண்டு குழுக்களைப் பற்றியது. ஆள் பற்றாக்குறையால் எங்கள் கில்டும் அதே சர்வரில் இருந்த மற்றொரு கில்டும் இணைந்தன. பெயர் ஒன்றானதே தவிர, மனம் ஒன்றாகவில்லை. எங்கள் ஆள் தவறு செய்தால் இணைய வேகம் சரியில்லை என்போம். அவர்கள் ஆள் அதே தவறைச் செய்தால் ஆடத் தெரியாதவர் என்போம். வென்ற பொருள்களான லூட்டைப் பிரிக்கும் ஒவ்வொரு முறையும் சண்டை வந்தது. தலைவர்கள் சமரசக் கூட்டம் கூட்டினார்கள். அந்தக் கூட்டத்திலேயே பழைய கணக்குகள் எல்லாம் கிளறப்பட்டு, ஐந்து பேர் விலகினார்கள்.

உளவியலாளர் முசாபர் ஷெரீப் 1954-இல் ஒரு கோடை முகாமில் 22 சிறுவர்களை இரண்டு குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்ததைப் பிற்பாடுதான் படித்தேன். அங்கும் போட்டி விளையாட்டுகள் பகையை வளர்த்தன. இரு தரப்பையும் ஒன்றாக உட்காரவைத்து உணவளித்தது பகையைத் தணிக்கவில்லை. தடைபட்ட குடிநீரைச் சரிசெய்வது, நின்றுபோன லாரியைக் கயிறு கட்டி இழுப்பது என, இரு குழுவும் சேர்ந்தால் மட்டுமே முடியும் வேலைகள் வந்த பிறகே நிலைமை மாறியது. எங்களுக்கும் கூட்டம் போட்டு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் டேங்குக்கு அவர்களுடைய ஹீலர் என்று கலந்து அணி அமைத்து, ரெய்டின் பெரிய எதிரியான ஒரே பாஸிடம் நான்கு வாரம் தோற்ற பிறகுதான் ‘அவர்கள்’ என்ற சொல் பேச்சிலிருந்து குறையத் தொடங்கியது.

விளையாட்டின் அமைப்புக்கும் இதில் பங்கு இருப்பதாக நினைக்கிறேன். ஆட்டக்காரர்கள் இரண்டு எதிரெதிர் அணிகளாகப் பிரிந்திருக்கும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற விளையாட்டு 2004-இல் வெளிவந்தபோது, எதிரணியினர் தட்டச்சு செய்வது புரியாத எழுத்துகளாகவே திரையில் தெரியும். இரு அணியினரும் ஒன்றாக ரெய்டு போகும் வசதி 2022-இல்தான் வந்தது. பேச வழியில்லாத எதிராளியைப் பற்றி எதை வேண்டுமானாலும் நம்பிவிடலாம்.

தனித்தடம் எழுதியது:

நான் வெளியேற்றப்பட்ட பக்கத்தில் இருந்தவன். வேறு விளையாட்டு, வேறு கில்ட். குற்றம் சாட்டியவர் மீது எனக்கு இப்போது கோபம் இல்லை. முந்தைய நாள் இரவு இரண்டு மணி வரை என்னோடு பேசிக்கொண்டிருந்த நண்பர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் இருந்ததுதான் ஆறவில்லை. இப்போது நான் நடத்தும் சிறு குழுவில் யாரையும் நீக்குவதென்றால் 48 மணி நேரம் காத்திருக்கிறோம். அவருடைய விளக்கத்தைக் கேட்கிறோம். வாக்குகளை மறைவாகப் பெறுகிறோம். தலைவர் தம் கருத்தைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும். இதனால் முடிவுகள் தாமதமாகின்றன, சிலர் சலித்துக்கொள்ளவும் செய்கிறார்கள். ஆனாலும் இந்த விதியை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். நீலவேல், அந்த ஹீலரிடம் நீங்கள் பேசினீர்களா?

நீலவேல் எழுதியது:

உங்கள் கேள்வியைப் படித்த பிறகு நேற்று இரவுதான் அவருக்குத் தனிச்செய்தி அனுப்பினேன். நடந்ததை மறைக்காமல் எழுதினேன். காலையில் ஒரே ஒரு வரி பதில் வந்திருந்தது: “அந்த 23 பேரில் நீங்களும் ஒருவரா?” ஆம் என்று எழுதியிருக்கிறேன். அவர் அதைப் படித்துவிட்டார். இன்னும் பதில் வரவில்லை.