பசு மட்டும் திரும்பவில்லை: பக்கத்து ஊரோடு இணைக்கப்பட்ட ஜெர்மன் கிராமங்கள், உறுப்பினர் அனுபவங்கள்

கீஸனில் படிக்கும் உறுப்பினர்:

வாடகை குறைவு என்பதால் லுட்ஸல்லிண்டனில் அறை எடுத்தேன். முகவரியில் கீஸன் என்றே இருந்தது. நகரத்துக்குள் வீடு கிடைத்துவிட்டது என்று அம்மாவிடம் பெருமையாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். வீடுகள் முடிந்து வயல் தொடங்கியது; வயலும் முடிந்த பிறகுதான் என் நிறுத்தம் வந்தது.

வீட்டுக்காரரிடம், "இனி நானும் கீஸன்காரிதான்" என்றேன். "அப்படியா? எந்தப் பகுதியில் இருக்கிறீர்கள்?" என்று கேட்டார். அவர் வீட்டு மாடியில் நின்றுகொண்டுதான் பேசிக்கொண்டிருந்தேன்.

1976 முடியும் வரை லுட்ஸல்லிண்டன் தனி ஊராட்சி. அதுவும் கீஸன் மாவட்டத்தில் அல்ல, வெட்ஸ்லர் மாவட்டத்தில். 1977 ஜனவரி 1 அன்று ஹெஸன் மாநில அரசு கீஸனையும் வெட்ஸ்லரையும் சுற்றியிருந்த 14 ஊர்களையும் சேர்த்து, அங்கே ஓடும் ஆற்றின் பெயரால் 'லான்' என்றொரு நகரத்தை உண்டாக்கியது. இரு பக்கமும் ஒட்டவில்லை. 1979 ஜூலை 31 அன்று அந்த நகரம் கலைக்கப்பட்டது. கல்யாணம் முறிந்து இரு வீட்டாரும் அவரவர் வீடு திரும்பினார்கள். சீராக வந்த பசு மட்டும் வந்த இடத்திலேயே கட்டிக் கிடந்தது. லுட்ஸல்லிண்டனுக்குத் தனி ஊராட்சியும் திரும்பவில்லை, வெட்ஸ்லரும் இல்லை. கீஸனோடு நின்றுவிட்டது.

ஆனால் இந்த ஊரின் பெண்கள் ஹேண்ட்பால் அணி 1991இல் ஐரோப்பிய சாம்பியன் கோப்பையை வென்றது. அணியின் பெயர் டி.வி. லுட்ஸல்லிண்டன். கீஸன் என்ற சொல் அதில் இல்லை. வீட்டுக்காரர் இதை என்னிடம் நான்கு முறையாவது சொல்லியிருப்பார்.

('லுட்ஸல்' என்றால் பழைய ஜெர்மனில் சிறியது. பக்கத்தில் கிளைன்லிண்டன் இருக்கிறது. அதற்கும் சின்ன லிண்டன் என்றே பொருள். கடிதம் கொண்டுவருபவரை நினைத்தால் பாவமாக இருக்கிறது.)

ஷ்வைன்ஃபுர்ட்டில் வேலை செய்யும் உறுப்பினர்:

தங்கையே, உங்கள் ஊர் சாதுவான ஊர். பவேரியாவின் வட ஓரத்தில் எர்மர்ஸ்ஹவுசன் இருக்கிறது. உடன் வேலை செய்பவர் ஒருவருக்கு அந்தப் பக்கம்தான் சொந்த ஊர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போனார். ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தி மஞ்சள் பலகையைக் காட்டினார். மேலே ஊரின் பெயர், கீழே ஹாஸ்பெர்கே மாவட்டம். "நடுவில் என்ன இருக்கிறது?" என்றார். இன்னோர் ஊராட்சியோடு இணைந்த ஊர் என்றால் அந்த ஊராட்சியின் பெயர் அங்கே இருக்கும். ஒன்றும் இல்லை என்றேன். "அதற்குத்தான் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆனது" என்றார்.

1978 மே மாதம் இந்த ஊரைப் பக்கத்திலுள்ள மரோல்ட்ஸ்வைசாஹ் ஊராட்சியோடு இணைத்தார்கள். மக்கள் ஊராட்சி அலுவலகத்தை மறித்துக்கொண்டு கோப்புகளைக் கொடுக்க மறுத்தார்கள். மே 19 அன்று அதிகாலையில் நூற்றுக்கணக்கான போலீசார் வந்து அலுவலகத்துக்குள் புகுந்து கோப்புகளை எடுத்துச் சென்றார்கள். மொத்தமே சில நூறு பேர் வாழும் ஊர்! நண்பரின் தாயாரிடம் அந்தக் காலையைப் பற்றிக் கேட்டேன். போராட்டத்தைப் பற்றி ஏதோ பெரிதாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "போலீஸ் வந்தால் என்ன, மாட்டுக்குத் தெரியுமா? கறந்துவிட்டுத்தான் போய்ப் பார்த்தேன்" என்றார்.

சிறிய ஊராட்சிகளை இணைக்கவேண்டும் என்ற அரசின் வாதத்தில் உண்மையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். முழுநேர எழுத்தர்கூட இல்லாத சிற்றூர்கள் சாக்கடைத் திட்டத்தையும் பள்ளியையும் தனியாக எப்படி நடத்தும்? பவேரியாவில் ஏறக்குறைய 7,000 ஊராட்சிகள் அந்தச் சில ஆண்டுகளில் சுமார் 2,000 ஆயின. பெரும்பாலான ஊர்கள் முணுமுணுத்துவிட்டு அடங்கின. எர்மர்ஸ்ஹவுசன் அடங்கவில்லை, 1994 ஜனவரி 1 அன்று தனி ஊராட்சியாக மீண்டது.

அப்படியானால் அலுவலக வேலையெல்லாம் இங்கேயே நடக்கிறதா என்று கேட்டேன். நண்பர் சிரித்துவிட்டார். ஊராட்சித் தலைவரும் மன்றமும் சொந்தம்தான். ஆனால் நிர்வாகத்தை ஹோஃப்ஹைமில் உள்ள கூட்டு அலுவலகம் பார்க்கிறது. எப்படியும் இன்னோர் ஊருக்குத்தான் போகவேண்டும். "அது நாங்களே சேர்ந்துகொண்ட இடம்" என்றார்.

கீஸன் உறுப்பினர் மீண்டும்:

அண்ணா, வண்டி எண்ணை விட்டுவிட்டேன். இங்கே வண்டி எண் ஊரைக் குறிக்கும் எழுத்தில் தொடங்கும். லான் நகரத்துக்கு 'எல்' என்ற ஒற்றை எழுத்து கிடைத்திருந்தது. நகரம் போன பிறகும் வெட்ஸ்லர் அடங்கிய லான்-டில் மாவட்டம் அதை வைத்திருந்தது. 1990இல் ஜெர்மனி ஒன்றானதும் எழுத்து கிழக்கு ஜெர்மனியிலிருந்த லைப்சிக் நகரத்துக்குப் போய்விட்டது.

முதியோர் இல்லத்தில் பணிபுரியும் உறுப்பினர்:

நான் பார்த்தது சின்ன விஷயம். ஒரு மூதாட்டியைச் சேர்க்கும்போது பிறந்த ஊரைக் கேட்டேன். சொன்னார். எங்கள் கணினிப் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. அது எழுபதுகளிலேயே பக்கத்து ஊராட்சியோடு சேர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் பெரிய ஊரின் பெயரைத் தேர்ந்தெடுத்து அச்செடுத்துக் கொடுத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். "இங்கே நான் நடனமாடப் போயிருக்கிறேன். பிறக்கவில்லை" என்றார். என் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கினார். அச்சான பெயரை அடித்துவிட்டு, தம் ஊரின் பெயரை மேலே எழுதி, அதன் பிறகே கையெழுத்துப் போட்டார். அந்தத் தாளை அப்படியே கோப்பில் வைத்துவிட்டேன்.