கொட்டேஷனில் இல்லாத கணக்கு

ரவி: அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் மனையில் வீடு கட்டுவதற்குக் குத்தகையாளர் கொடுத்த கொட்டேஷனை, அதாவது விலைமதிப்பைப் படமெடுத்து மேலே அனுப்பியிருக்கிறேன். 1,100 சதுர அடித் தரை வீடு, மொத்தம் 196,000 வெள்ளி (ரிங்கிட்). சனிக்கிழமை கையெழுத்துப் போட்டு, 30 விழுக்காடு முன்பணம் கட்டச் சொல்கிறார். தோட்டத்து வீட்டை ஆண்டு இறுதிக்குள் காலி செய்யும்படி நிர்வாகம் அம்மாவிடம் சொல்லிவிட்டதால் தள்ளிப்போட மனம் வரவில்லை. மாமாவும் அக்காவும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.

ஈப்போ மாமா: பார்த்தேன், ரவி. கூட்டுத்தொகையை விட்டுவிட்டு, கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைப் படி. மண் நிரப்புவது உரிமையாளர் பொறுப்பு, பைலிங், அதாவது அடித்தளத்துக்குக் கீழே ஆழமாகக் கம்பம் இறக்குவது, தேவைப்பட்டால் தனிக் கட்டணம், நிலத்தின் தன்மையைப் பொறுத்து விலை மாறும் என்று எழுதியிருக்கிறார். அப்படியானால் 196,000 என்பது தரைக்கு மேலே கண்ணுக்குத் தெரிகிற பாகத்துக்கு மட்டும் சொன்ன விலை.

ரவி: பக்கத்து மனையில் பைலிங் இல்லாமல்தான் கட்டினார்களாம், மாமா. நமக்கும் தேவைப்படாது என்கிறார்.

ஈப்போ மாமா: தேவைப்படாது என்று அவ்வளவு உறுதியாகத் தெரிந்தவர், அதை எழுத்தில் மட்டும் ஏன் தனியாக ஒதுக்கி வைத்தார்? அந்த நிலம் முன்பு ரப்பர் தோட்டம். மரத்தைச் சாய்த்தவர்கள் அடிக்கட்டைகளையெல்லாம் தோண்டி எடுத்திருப்பார்கள் என்று நம்ப முடியாது. பல இடங்களில் மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போயிருப்பார்கள். அவை மண்ணுக்குள் மக்கியபின் உண்டாகும் வெற்றிடத்தின் மேல் சிமெண்டுத் தரை போட்டால், ஓரிரு ஆண்டுகளில் தரை இறங்கும், சுவரோரத்துக் கால்வாய் வெடிக்கும். மக்கிய ரப்பர் வேர் கரையானுக்கு விருந்து என்பதால், தரை போடுவதற்கு முன்பே மண்ணுக்கு மருந்து அடித்தாக வேண்டும். அந்த வேலை இந்தக் கொட்டேஷனில் எங்குமே இல்லை.

போதாததற்கு நம் பக்கம் சுண்ணாம்புப் பாறை அதிகம். அந்தப் பாறையின் மேற்பரப்பு சமமாக இருக்காது. ஒரு தூணுக்கு 4 மீட்டரில் கிடைக்கிற கெட்டி, அடுத்த தூணுக்கு 9 மீட்டர் போனாலும் கிடைக்காமல் போகலாம். ஆகவே பக்கத்து மனை நமக்குச் சாட்சியாகாது. முதலில் மண்ணின் உறுதியைப் பார்க்கும் மெக்கிண்டோஷ் சோதனை செய்யச் சொல். கூர்முனை வைத்த மெல்லிய கம்பியின் மேல் 5 கிலோ எடையைத் திரும்பத் திரும்ப விழவிட்டு, ஒவ்வோர் அடி இறங்குவதற்கும் எத்தனை குத்து விழுந்தது என்று எண்ணுவார்கள். நடுவில் கல் தட்டினால் அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று அது சொல்லாது என்றாலும், சிறிய வீட்டுக்கு அந்த அளவு தகவலே பெரிய உதவி. பைலிங் வேண்டும் என்று பொறியாளர் சொன்னால், மீட்டருக்கு என்ன விலை, அந்த விலையில் இறக்கிய கம்பத்தின் மிஞ்சிய தலையை வெட்டும் கூலி அடங்குமா என்பதை இப்போதே எழுதி வாங்கிக்கொள். இயந்திரம் மனைக்கு வந்து நின்றபின் விலை பேசினால், அவர் சொல்வதுதான் விலை.

அம்மா: அண்ணா, நான் ஈப்போ கடையில் பார்த்து வைத்த டைல்ஸ் இந்த விலைக்குள் வருமா?

ஈப்போ மாமா: வராது, தங்கச்சி. சதுர அடிக்கு 2 வெள்ளி 80 காசு என்று போட்டிருக்கிறார். நீ பார்த்தது 5 வெள்ளி 50 காசு என்றாய். வீடு முழுவதும் அதைப் போட்டால் டைல்ஸில் மட்டும் 2,970 வெள்ளி கூடும், உடைசலும் வெட்டுக்கழிவும் தனி.

தேவி அக்கா: தம்பி, 6 விழுக்காடு சேவை வரி என்று 11,760 வெள்ளி கீழே தனியாகச் சேர்த்திருக்கிறாரே, அதைக் கவனித்தாயா? 2025 ஜூலை 1 முதல் கட்டுமானச் சேவைக்கு அந்த வரி வந்தது உண்மை. ஆனால் குடியிருப்பு வீட்டுக்கு விலக்கு உண்டு. அதோடு, ஆண்டு வருமானம் 15 லட்சம் வெள்ளியைத் தாண்டும் குத்தகையாளர்கள்தான் அதற்குப் பதிவு செய்தாக வேண்டும். எந்தப் பதிவு எண்ணின் கீழ் இதை வசூலிக்கிறார் என்று மரியாதையாகக் கேள்.

ரவி: நான் அதைக் கவனிக்கவில்லை, அக்கா. இன்றே கேட்கிறேன். சிஐடிபியில், அதாவது கட்டுமானத் தொழில் வாரியத்தில், பதிவு இருப்பதாகச் சொன்னார், ஜி1 பிரிவு.

தேவி அக்கா: ஜி1 குத்தகையாளர் 200,000 வெள்ளி வரைதான் வேலை எடுக்கலாம். 196,000 என்ற விலை எங்கிருந்து வந்தது என்று எனக்கு இப்போது ஓரளவு புரிகிறது. மண்ணையும் பைலிங்கையும் வெளியே வைத்தால்தான் இந்த வேலை அவருடைய வரம்புக்குள் அடங்கும். பிறகு அவற்றுக்கான பணத்தை ரசீது இல்லாமல் கையில் வாங்கிக்கொள்வார் என்று நான் குற்றம் சாட்டவில்லை. ஆனால் இந்தத் தாள் அதற்கு வழி விட்டு வைத்திருக்கிறது.

சட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். தாமானில், அதாவது குடியிருப்புத் திட்டத்தில், மேம்பாட்டாளரிடம் தரை வீடு வாங்குகிறவருக்கு 1966 ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தின் கீழ் அச்சடித்த ஒப்பந்தம் கிடைக்கிறது. 24 மாதத்துக்குள் வீட்டை ஒப்படைக்க வேண்டும், தாமதித்தால் ஆண்டுக்கு 10 விழுக்காடு இழப்பீடு, சாவி வாங்கியபின் 24 மாதம் வரை குறைகளைச் சரிசெய்து தர வேண்டும், வழக்கென்றால் வீடு வாங்குவோர் தீர்ப்பாயம் இருக்கிறது. சொந்த மனையில் குத்தகையாளரை வைத்துக் கட்டுகிற உனக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. கட்டுமானப் பணத் தகராறுகளை விரைவாகத் தீர்ப்பதற்கு வந்த 2012 ஆம் ஆண்டுச் சட்டமும், நான்கு மாடிக்குக் குறைவாகத் தன் சொந்தக் குடியிருப்புக்கென்று கட்டுகிற தனிமனிதரை விலக்கி வைத்திருக்கிறது. எனவே ஒப்பந்தத்தில் நீ எழுதி வைப்பதுதான் உனக்குப் பாதுகாப்பு. இந்தக் கொட்டேஷனில் முடிக்கும் தேதிகூட இல்லை.

ரவி: அப்படியானால் முன்பணத்தை என்ன செய்வது, அக்கா? 58,800 வெள்ளியை ஊழியர் சேமநிதியிலிருந்து எடுக்கலாம் என்றிருந்தேன்.

தேவி அக்கா: ஒரு கல்கூட வைக்காத இடத்துக்கு அவ்வளவு பணமா? என் அலுவலகத்துக்கு வருகிற பாதிக் கோப்புகள் இப்படித்தான் தொடங்குகின்றன. அடித்தளம், தூண், கூரை, பூச்சு என்று கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் பொறியாளர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகு பணம் கொடு. ஒவ்வொரு தவணையிலும் ஒரு பகுதியைப் பிடித்து வை. மொத்தத்தில் 5 விழுக்காடாவது 12 மாதக் குறைதீர்ப்புக் காலம் முடியும்வரை உன் கையிலேயே இருக்கட்டும். தாமதமானால் நாளுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையையும் போடு. அம்மாவை வாடகை வீட்டில் வைக்க என்ன ஆகும் என்று கணக்குப் பார்த்துப் போடு. மிரட்டுவதற்காக ஊதிப்போட்டால் நீதிமன்றம் நியாயமான அளவுக்குத்தான் கொடுக்கும். எந்த மாற்றமானாலும் விலையை எழுதி இருவரும் கையெழுத்திட்ட பிறகே வேலை தொடங்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்.

ஈப்போ மாமா: கடைசியாகச் சொன்னாயே தேவி, அது நம் ஆட்களுக்கும் பொருந்தும். நான் மேற்பார்த்த வீடுகளில் குத்தகையாளரின் தந்திரத்தால் ஏறிய செலவுக்குச் சற்றும் குறையாமல், வீட்டுக்காரர் மனம் மாறியதால் ஏறிய செலவும் இருந்தது. சுவர் எழும்பியபின் சன்னலை நகர்த்தச் சொன்னால் உடைப்பதற்கும் கூலி, கட்டுவதற்கும் கூலி.

அம்மா: நானும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது, அண்ணா. பின்னால் ஒரு வெளிச் சமையலறை வேண்டும் என்று குத்தகையாளரிடம் போன வாரம் சொல்லி வைத்தேன். சின்ன வேலைதான், பார்த்துச் செய்து தருகிறேன் என்றார்.

ரவி: அம்மா, இது எனக்கே தெரியாதே!

தேவி அக்கா: கோலகங்சார் நகராண்மைக் கழகம் அனுமதித்த வரைபடத்தில் அந்தச் சமையலறை இல்லை. வரைபடத்தில் இல்லாததைக் கட்டினால், கடைசியில் வீடு விதிப்படி கட்டி முடிந்தது என்று சொல்லும் சிசிசி சான்றிதழில் கையெழுத்திட வேண்டியவர் தயங்குவார். அந்தத் தாள் இல்லாமல் வீட்டில் சட்டப்படி குடியேற முடியாது. வேண்டுமென்றால் இப்போதே திருத்தி விண்ணப்பிப்போம். கட்டணமும் சில வாரங்களும் ஆகும்.

அம்மா: மீன் பொரிக்கிற வாடை வீட்டுக்குள் வேண்டாம் என்றுதான் கேட்டேன். சில வாரம்தானே, ஆகட்டும்.

ஈப்போ மாமா: ரவி, சனிக்கிழமை கையெழுத்து வேண்டாம். அதே நாள் காலை 8 மணிக்கு நான் மனைக்கு வருகிறேன், குத்தகையாளரையும் வரச்சொல். எல்லைக்கல் நான்கும் இருக்கின்றனவா என்று அதற்குள் புல்லை வெட்டிப் பார்த்து வை.

ரவி: சரி, மாமா. தள்ளி வைப்பதாக அவருக்கு இப்போதே செய்தி அனுப்பிவிட்டேன். அடுத்த வாரம் சிமெண்டு விலை ஏறப்போகிறது, பிறகு தன்னைக் குறை சொல்லக்கூடாது என்று பதில் போட்டிருக்கிறார்.

தேவி அக்கா: அந்தப் பதிலை அழிக்காதே. விலையேற்றம் யார் பொறுப்பு என்ற விதியையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்கிறேன். வரைபடத்தின் தெளிவான நகலை இன்றிரவே எனக்கு அனுப்பு, தம்பி.