ஃபேர்மவுண்ட் ஜேம்ஸ் டீன் திருவிழாவுக்கு போனவங்க யாராச்சும் இருக்கீங்களா?

மக்களே ஒரு ஹெல்ப் வேணும். ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, இண்டியானாபோலிஸ்ல எங்ககூடதான் இருக்காங்க, அப்பாவுக்கு பழைய ஹாலிவுட் படம்னா உசுரு, அதுலயும் ஜேம்ஸ் டீன்னா கேக்கவே வேணாம். செப்டம்பர் கடைசில டீன் வளர்ந்த ஃபேர்மவுண்ட்ல அவர் பேர்ல விழா எடுப்பாங்கல்ல, அதுக்கு கூட்டிட்டு போலாம்னு பிளான். மூணே படத்துல ஹீரோவா நடிச்சு 1955ல 24 வயசுல கார் ஆக்சிடென்ட்ல போன மனுஷனுக்கு இன்னமும் இப்படி கூட்டம் கூடுதுன்னா சும்மாவா (நம்ம ரசிகர் மன்றமெல்லாம் ஓரமா நிக்கணும்).

ஊரு ரொம்ப சின்னது, அதான் பயமே. பழைய கார் ஷோ நடக்குறப்ப பார்க்கிங் எங்க கிடைக்கும், அங்கேர்ந்து ரொம்ப நடக்கணுமா? அப்பாவுக்கு முட்டி வலி. டீன் பொறந்த மேரியன்ல ரூம் போட்டா சரியா வருமா இல்ல காலைல கிளம்பி சாயங்காலமே திரும்பிடலாமா? டீன் மாதிரி வேஷம் போட்டுட்டு வர்ற போட்டிய கண்டிப்பா பாக்கணுமாம், உக்காந்து பாக்க வழி இருக்கா?

அப்புறம் பார்க் கல்லறைத் தோட்டத்துல இருக்குற அவர் சமாதி, ரசிகைங்க லிப்ஸ்டிக்கோட முத்தம் குடுத்துட்டு போவாங்களே அதேதான், அங்க பூ வைக்கணும்னு அப்பா ஒத்தக்கால்ல நிக்கிறாரு, கூட்டம் கம்மியா இருக்குற நேரம் எது? அம்மா சுத்த சைவம், புளிசாதம் கட்டிட்டு போயிடலாமான்னு யோசிக்கிறேன், போனவங்க சொல்லுங்க ப்ளீஸ்.