புதுப்பிப்பு: ஜிம்மிக்கு உண்ணிக் காய்ச்சல்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுப் பொமரேனியன் ஜிம்மி சாப்பிடாமல் சுருண்டு கிடக்கிறது, காது கொதிக்கிறது, காய்ச்சலா என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. காய்ச்சல்தான்.

மூக்கைத் தொட்டுப் பார்க்கச் சொன்னவர்களுக்கு: அது ஈரமாகவே இருந்தது. டிஜிட்டல் வெப்பமானியின் நுனியில் வாசலின் தடவி, வாலைத் தூக்கி ஆசனவாயில் மெதுவாக வைத்து அளந்தோம். தலையைப் பிடித்திருந்த அம்மாவை விட்டுவிட்டு என்னை முறைத்தது, நன்றிகெட்ட பிறவி. 40.2 பாகை செல்சியஸ். நாய்க்கு ஏறக்குறைய 38.3 முதல் 39.2 வரை இயல்பு. நம்முடைய 37-ஐ வைத்துப் பார்த்தால் எல்லா நாய்க்கும் காய்ச்சல்தான். 41-ஐத் தொட்டால் நடுச்சாமம் என்றாலும் காத்திருக்கக் கூடாது.

மிருக வைத்தியர் முதலில் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார், வெளிறியிருந்தது. பிறகு காது மடலைப் புரட்டினார். மடிப்புக்குள் மிளகளவில் ஒரு சாம்பல் நிற உண்ணி. இரத்தப் பரிசோதனையில், உண்ணி கடித்துப் பரவும் எர்லிக்கியா கிருமி என்று தெரிந்தது. டொக்சிசைக்கிளின் என்ற அன்டிபயோட்டிக் குளிசை, நான்கு வாரத்துக்கு. வெறும் வயிற்றில் வாந்தி வரும் என்பதால் கோழிச் சோற்றுக்குள் ஒளித்துக் கொடுக்கிறோம். சோற்றை விழுங்கிக் குளிசையை மட்டும் துப்பும் வித்தை எங்கே படித்ததோ!

அரைப் பனடோல் கொடுக்கச் சொன்ன அண்ணாவுக்கு: தயவுசெய்து யாருக்கும் அதைச் சொல்லாதீர்கள். அதிலுள்ள பரசிட்டமோல் நாயின் ஈரலைக் கெடுக்கும். ஜிம்மி போன்ற மூன்று கிலோ உடம்புக்கு அரைக் குளிசையே ஆபத்து. இபுபுரோஃபன் வலிக் குளிசையும் நாய்க்கு ஆபத்துதான். சூட்டைத் தணிக்க ஐஸ் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம்.

இன்று காலை 38.9. மீன்காரரின் குரலுக்குக் குரைக்கத் தொடங்கிவிட்டது. குளிசை முடிந்ததும் மறுபடி இரத்தம் பார்க்க வேண்டும்.