புதுப்பிப்பு: ஊட்டி பக்கத்துத் தலைக்குந்தாவில் மாடித் தொட்டித் தண்ணீர் உறைந்த விஷயம்

உறைபனியில் காலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை, மாடியிலுள்ள 500 லிட்டர் தொட்டியை எப்படி மூடுவது என்று டிசம்பரில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"தொட்டியை விடுங்க, குழாயைப் பாருங்க" என்றவர் சொன்னதுதான் சரி. தொட்டியில் கண்ணாடி மாதிரி மெல்லிய ஏடு மட்டுமே. அடைத்துக்கொண்டது சுவரோடு இறங்கும் அரை அங்குலக் குழாய். முதலில் சாக்கு சுற்றினேன். பனியில் நனைந்து அதுவே விறைத்துப்போனது (என் சொந்த யோசனை, யாரையும் குறை சொல்ல முடியாது). அப்புறம் ஃபோம் உறை மாட்டி, மேலே பிளாஸ்டிக் தாள் கட்டினேன். மூன்று வாரமாக ஆறரைக்கே தண்ணீர் வருகிறது.

எதிர்பாராதது மிதவை வால்வு (தொட்டி நிரம்பியதும் கை மேலே எழும்பி, உள்ளே வரும் தண்ணீரை அடைப்பது). ஒருநாள் அதன் கை பனி பிடித்து மேலேயே நின்றுவிட்டது; மோட்டார் ஓடியும் தொட்டி நிரம்பவில்லை. ஒரு செம்பு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றியதும் டொக்கென்று இறங்கியது. கொதிநீர் வேண்டாம், பிவிசி விரிசல் விடும். இப்போது வெயில் ஏறிய பிறகுதான் மோட்டார் போடுகிறேன்.